சாவா ஆற்றைத் தாண்டிய நகரம்: ஜாக்ரெப்பை மாற்றிய மேயர்

வெச்சேஸ்லாவ் ஹோல்யெவாட்ஸ் 1952 முதல் 1963 வரை ஜாக்ரெப் நகரின் மேயராக இருந்தவர். ஜாக்ரெப் இன்று குரோஷியாவின் தலைநகர். அன்று அது யூகோஸ்லாவியா என்ற கூட்டாட்சி நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். ஹோல்யெவாட்ஸின் 11 ஆண்டுகளில் அந்த நகரம் சாவா ஆற்றின் தென்கரைக்கு முதன்முறையாகப் பெரிய அளவில் கால்வைத்தது. புதிய பொருட்காட்சி வளாகம், புதிய பாலம், புதிய விமான நிலையம், மாநகராட்சிக் கட்டடம், ஆயிரக்கணக்கான வீடுகள் என்று அடுத்தடுத்து வேலைகள் நடந்தன. அவருக்கு முன்னும் பின்னும் அந்தப் பதவியில் பலர் இருந்தார்கள். நகரம் எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதையே மாற்றிக் காட்டியவர்கள் அவர்களில் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஹோல்யெவாட்ஸ் முதன்மையானவர்.

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே

ஜாக்ரெப்பின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அதன் நில அமைப்பைப் பார்த்தால் போதும். வடக்கே மெத்வெத்னித்ஸா மலை. தெற்கே சாவா ஆறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள சரிவிலும் சமவெளியிலும்தான் நகரம் வளர்ந்தது. மலையடிவாரக் குன்றுகளில் கிராதெக், காப்தோல் என்ற இரண்டு இடைக்கால ஊர்கள் இருந்தன. ஒன்றில் வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்தார்கள்; மற்றொன்று கத்தோலிக்க ஆயரின் இருப்பிடம். 1850-ல் இவை சட்டப்படி ஒரே நகரமாக இணைக்கப்பட்டன.

1862-ல் ரயில் வந்தது. 1880-ல் கடும் நிலநடுக்கம் நகரைக் குலுக்கியது. அதன்பின் நடந்த மறுகட்டுமானத்தில்தான் குன்றுகளுக்குக் கீழே உள்ள கீழ்நகரம் நேர்த்தியான தெருக்களும் பூங்காச் சதுக்கங்களுமாக உருவானது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் காலத்தில் எழுந்த அந்த அழகு இன்றும் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது. ஆனால் அந்தத் திட்டமிட்ட நகரம் 1892-ல் கட்டப்பட்ட தலைமை ரயில் நிலையத்தோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்குத் தெற்கே இருந்த த்ர்னியே போன்ற பகுதிகளில் தொழிலாளர் குடிசைகளும் சிறு பட்டறைகளும் காய்கறித் தோட்டங்களும் ஒழுங்கில்லாமல் பரவிக் கிடந்தன. அதற்கும் தெற்கே ஆறு. மழைக்காலத்தில் கரைபுரளும் ஆறு என்பதால் நகரம் அதை நெருங்கவே தயங்கியது. தென்கரையில் சிறு கிராமங்களும் வயல்களும் மட்டுமே இருந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை வேகமாக மாறியது. புதிய சோசலிச அரசு தொழில்மயமாக்கலை முதல் இலக்காகக் கொண்டது. ஜாக்ரெப்பின் மின்கருவித் தொழிற்சாலைகளும் இயந்திர ஆலைகளும் விரிவடைந்தன. வேலை தேடிக் கிராமத்து இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். 1931-ல் 2 லட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 1948-ல் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரமாகவும், 1961-ல் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரமாகவும் உயர்ந்தது. வீடுகள் போதவில்லை. ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் சமையலறையைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தன. நகர எல்லைகளில் அனுமதியில்லாக் குடியிருப்புகள் இரவோடு இரவாக முளைத்தன. மேயர் நாற்காலியில் ஹோல்யெவாட்ஸ் அமர்ந்தபோது அவர்முன் இருந்த முதல் கேள்வி இதுதான்: வந்துகொண்டே இருக்கும் இந்த மக்களை எங்கே குடியமர்த்துவது?

கடைச் சிப்பந்தி, போராளி, மேயர்

ஹோல்யெவாட்ஸ் 1917 ஆகஸ்ட் 22 அன்று கார்லொவாட்ஸ் என்ற நகரில் பிறந்தவர். ஜாக்ரெப்புக்குத் தென்மேற்கே, நான்கு ஆறுகள் கூடும் இடத்தில் உள்ள பழைய கோட்டை நகரம் அது. இளவயதில் கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்தார். தொழிற்சங்க இயக்கத்தின் வழியாக அரசியலுக்கு வந்து, போருக்குச் சற்று முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

1941-ல் அச்சு நாடுகள் யூகோஸ்லாவியாவை ஆக்கிரமித்தபோது டிட்டோ தலைமையிலான விடுதலைப் படையில் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பரில் அவர் தலைமையில் ஒரு சிறு குழு எதிரிப் படையின் சீருடையை அணிந்துகொண்டு கார்லொவாட்ஸ் நகருக்குள்ளேயே நுழைந்தது. மருத்துவமனையில் காவலில் இருந்த தோழர் ஒருவரை மீட்பதே நோக்கம். 24 வயதில் இப்படி ஒரு துணிச்சலில் இறங்கியவர், போர் முடியும்போது உயர் நிலை அதிகாரியாகியிருந்தார். நாட்டின் மிக உயர்ந்த போர் விருதான ‘மக்கள் வீரர்’ பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

போருக்குப் பின் பெர்லினில் இயங்கிய யூகோஸ்லாவிய ராணுவத் தூதுக்குழுவின் தலைவராக இருந்தார். பிறகு அமைச்சர் பொறுப்புகளை வகித்தார். 1952-ல், 35 வயதில், ஜாக்ரெப் நகர மக்கள் குழுவின் தலைவரானார். மேயர் பதவிக்கு அன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் அது. அவர் நகரத் திட்டமிடல் படித்தவரல்லர், பொறியாளரும் அல்லர். ஆனால் முடிவெடுக்கத் தெரிந்தவர். கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், இசைக் கலைஞர்கள் என்று அறிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவும், கேட்டதைச் செய்துமுடிக்கவும் தயங்காதவர்.

நகராட்சிக்குக் கிடைத்த புதிய பலம்

ஹோல்யெவாட்ஸின் சாதனைகளுக்குக் காலமும் துணைநின்றது. 1948-ல் ஸ்டாலினுடன் உறவு முறிந்த பிறகு யூகோஸ்லாவியா சோவியத் பாணி மத்தியத் திட்டமிடலை விட்டு விலகத் தொடங்கியது. 1950-ல் தொழிலாளர் சுயநிர்வாக முறை சட்டமானது. அதன் தொடர்ச்சியாக, 1950களின் நடுப்பகுதியில் நகராட்சிகளுக்கும் பேரூர்களுக்கும் கூடுதல் நிதி அதிகாரம் கிடைத்தது. நிறுவனங்கள் தம் ஊதியத் தொகையில் ஒரு பங்கை வீட்டுவசதி நிதிக்குக் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அந்தப் பணத்தில் கட்டப்பட்ட வீடுகள் தனியாருக்கோ அரசுக்கோ சொந்தமில்லை. ‘சமூகச் சொத்து’ என்று பெயர். நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு அவற்றை ஒதுக்கின. ஒதுக்கீடு பெற்ற குடும்பத்துக்கு அந்த வீட்டில் நிரந்தரமாக வாழும் உரிமை கிடைத்தது. வாடகை மிகக் குறைவு.

ஆனாலும் பணம் தாராளமாகக் கிடைத்துவிடவில்லை. கூட்டாட்சியின் தலைநகர் பெல்கிரேடு. அங்கே சாவாவின் மறுகரையில் ‘புதிய பெல்கிரேடு’ என்ற பெரும் திட்டம் 1948-லேயே தேசியப் பணியாகத் தொடங்கப்பட்டுவிட்டது. ஜாக்ரெப்புக்கு அந்தச் சலுகை இல்லை. குரோஷியக் குடியரசின் தலைநகராக இருந்தாலும், தன் விரிவாக்கத்துக்கான பெரும்பகுதிப் பணத்தைத் தன் ஆலைகள், வங்கிகள், வணிக நிறுவனங்கள் மூலமே அது திரட்ட வேண்டியிருந்தது. இந்தச் சூழலில்தான் ஹோல்யெவாட்ஸின் நிர்வாகத் திறன் வெளிப்பட்டது.

தண்டவாளத்தைத் தாண்டிய முதல் அடி

நகரம் ஆற்றைத் தாண்டுமுன் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. கட்டடக் கலைஞர் விளாடோ அந்தோலிச் 1940களின் இறுதியில் வகுத்த திட்டத்தில், ரயில் பாதைக்குத் தெற்கே கிழக்கு மேற்காக ஒரு நெடுஞ்சாலை குறிக்கப்பட்டிருந்தது. அதுதான் ‘பாட்டாளிப் படைப்பிரிவுகள் சாலை’ என்று பெயர்பெற்று, இன்று வுகோவர் நகரச் சாலை என்று வழங்குகிறது. 1950களில் இந்தச் சாலையின் இருபுறமும் புதிய ஜாக்ரெப்பின் முகம் எழுந்தது.

திராகோ காலிச் வடிவமைத்த பெரிய குடியிருப்புக் கட்டடங்கள் இங்கே தூண்களின்மேல் எழுந்து நிற்கின்றன. தரைத்தளம் திறந்தவெளியாக விடப்பட்டு, பாதசாரிகள் அடியில் நடந்து போகலாம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் தாக்கம் அவற்றில் தெளிவாகத் தெரியும். இதே பகுதியில் காசிமிர் ஒஸ்த்ரொகொவிச் வடிவமைத்த புதிய மாநகராட்சி மன்றம் 1950களின் இறுதியில் எழுந்தது. குன்றின்மேல் இருந்த பழைய நகரைவிட்டு, தொழிலாளர் குடிசைகள் இருந்த தெற்குப் பகுதிக்கு நகர நிர்வாகம் இறங்கி வந்ததே ஓர் அறிவிப்பு. நகரத்தின் வருங்காலம் தெற்கே இருக்கிறது என்பதை அதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

1961-ல் அதே வட்டாரத்தில் தொழிலாளர் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. ராதொவான் நிக்‌ஷிச், நினோஸ்லாவ் குச்சான் ஆகியோரின் படைப்பு இது. ஆலை வேலை முடித்து வருவோர் மாலையில் படிப்பதற்கென்றே கட்டப்பட்ட இடம். உள்முற்றங்களும் அகன்ற கண்ணாடிச் சுவர்களும் கொண்ட அந்தக் கட்டடம் குரோஷியாவின் நவீனக் கட்டடக் கலையில் குறிப்பிடத்தக்க ஒன்றாகப் போற்றப்படுகிறது.

முதலில் பொருட்காட்சி, பிறகு வீடு

ஆற்றைத் தாண்டுவது அத்தனை எளிதல்ல. வயல்வெளியில் வீடு கட்டினால் குடிநீர், மின்சாரம், பாதாளச் சாக்கடை, சாலை எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுபோக வேண்டும். ஆயிரம் வீடுகளுக்காக அவ்வளவு செலவு செய்யச் சம்மதம் வாங்குவது கடினம். ஹோல்யெவாட்ஸ் தேர்ந்தெடுத்த வழி வேறு. வீட்டுக்கு முன்பே, உலகம் வந்துபோகும் ஓர் இடத்தை அவர் தென்கரைக்குக் கொண்டுசென்றார்.

ஜாக்ரெப்பில் வணிகப் பொருட்காட்சி நடத்தும் மரபு பழையது. அதற்கென்றே ஓர் அமைப்பு 1909 முதல் இயங்கிவந்தது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து சாவ்ஸ்கா சாலையில் இருந்த வளாகத்தில் அது நடந்தது. நாட்டின் வெளிவணிகம் பெருகப் பெருக அந்த இடம் நெருக்கடியானது. வடகரையிலேயே வேறு இடம் தேடியிருக்கலாம். ஹோல்யெவாட்ஸ் ஆற்றின் மறுகரையைத் தேர்ந்தெடுத்தார். 1956-ல் புதிய வளாகம் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுதான் பிறந்திருந்த ஜாக்ரெப் தொலைக்காட்சி திறப்பு விழாவை நேரடியாக ஒளிபரப்பியது.

பொருட்காட்சிக்காகப் போடப்பட்ட சாலையும் குழாயும் மின்கம்பியும் அதோடு நிற்கவில்லை. அவை தென்கரையின் முதல் நரம்பு மண்டலமாகின. பிறகு அதைச் சுற்றி வீடு கட்டுவது பெரிய செலவுக்குரிய புதுத் திட்டமாக இல்லாமல், ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலையின் தொடர்ச்சியாக ஆனது. பழைய வளாகமும் வீணாகவில்லை. 1957-ல் அது மாணவர் மையமாக மாறியது. உணவகம், அரங்கு, திரையரங்கு, காட்சிக்கூடம் எல்லாம் அந்தப் பழைய காட்சிக் கூடங்களிலேயே அமைந்தன. ஒரே முடிவில் நகரத்துக்கு ஒரு புதிய எல்லையும், மாணவர்களுக்கு ஒரு பண்பாட்டு மையமும் கிடைத்தன.

பொருட்காட்சியின் அரசியல் முக்கியத்துவமும் பெரிது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. எந்த முகாமிலும் சேராத யூகோஸ்லாவியாவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அடுத்தடுத்துக் கூடம் கட்டித் தம் பொருள்களைக் காட்ட முடிந்தது. சீனா, செக்கோஸ்லோவாக்கியா, இத்தாலி போன்ற நாடுகளும் இங்கே இடம்பிடித்தன. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளும் பங்கேற்றன. ஒவ்வொரு நாடும் தன் சிறந்த கட்டடத் திறனைக் காட்ட முயன்றதால் வளாகமே ஒரு கட்டடக் கலைக் கண்காட்சியானது.

1957 செப்டம்பரில் அமெரிக்கா அங்கே நடத்திய காட்சி வரலாற்றில் இடம்பெற்றது. அமெரிக்காவில் இருப்பதைப் போன்ற ஒரு முழு சூப்பர் மார்க்கெட்டை அப்படியே கொண்டுவந்து நிறுவினார்கள். உறைந்த உணவுப் பெட்டிகள், கண்ணாடித்தாளில் பொதிந்த இறைச்சி, அடுக்கடுக்காகப் பழங்கள், வாடிக்கையாளர் தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் தள்ளுவண்டிகள். கடைக்காரரிடம் சொல்லிக் காத்திருந்து பொருள் வாங்கிப் பழகிய மக்களுக்கு அலமாரியிலிருந்து தாமே எடுக்கும் முறை வியப்பூட்டியது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்துச் சென்றார்கள். காட்சி முடிந்ததும் அந்தச் சாதனங்களை யூகோஸ்லாவியாவே வாங்கிக்கொண்டது. 1958-ல் பெல்கிரேடில் அவற்றைக் கொண்டு ஒரு சுயசேவைக் கடை திறக்கப்பட்டது. ஜாக்ரெப் உலகத்துக்குத் திறந்துவிட்ட ஒரு சாளரமாக அந்தப் பொருட்காட்சி வளாகம் இருந்தது.

பாலமும் புதிய ஜாக்ரெப்பும்

1959-ல் ‘விடுதலைப் பாலம்’ திறக்கப்பட்டது. அதற்கு முன்பு நகருக்குள் சாவாவைக் கடக்க ஒரே ஒரு சாலைப் பாலம்தான் இருந்தது. புதிய பாலம் தலைமை ரயில் நிலையத்துக்குத் தெற்கே, ஏறக்குறைய நேர்க்கோட்டில் அமைந்தது. பாலத்தின் வடமுனையில் புதிய மாநகராட்சி மன்றத்தின் பக்கமும், தென்முனையில் பொருட்காட்சி வளாகத்தின் பக்கமும் இணைந்தன. பழைய நகர மையத்தையும் வயல்வெளியையும் ஒரே அச்சில் கட்டிப்போட்ட பாலம் அது.

அடுத்து வீடுகள். தென்கரை முழுவதையும் ‘நோவி ஜாக்ரெப்’, அதாவது புதிய ஜாக்ரெப், என்ற பெயரில் வளர்க்கும் திட்டம் உருவானது. முதல் பெரிய குடியிருப்பு த்ர்ன்ஸ்கோ. அதன் கட்டுமானம் 1959-60 வாக்கில் தொடங்கியது. ஸ்தென்கோ கொலாச்சோ, மிர்கோ மாரெதிச், யோசிப் உஹ்லிக் ஆகியோர் அதைத் திட்டமிட்டார்கள். அதன்பின் ஸாப்ருஜே, சிகெட், சொப்பொட், உத்ரினா என்று குடியிருப்புகள் வரிசையாக எழுந்தன.

இந்தக் குடியிருப்புகளின் அமைப்பு முறை கவனிக்கத்தக்கது. அகன்ற நெடுஞ்சாலைகள் நான்கு புறமும் எல்லையாக அமையும். உள்ளே கனரக வாகனப் போக்குவரத்து கிடையாது. அடுக்குமாடிக் கட்டடங்கள் ஒன்றையொன்று நெருக்காமல், வெயிலும் காற்றும் வரும்படி இடைவெளிவிட்டு நிற்கும். நடுவே பள்ளி, மழலையர் பள்ளி, கடைகள், மருந்தகம், விளையாட்டுத் திடல். குழந்தை சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போய்வரலாம் என்பது திட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. கட்டடங்களுக்கு இடையே நட்ட மரங்கள் இன்று நான்கு, ஐந்து மாடி உயரத்துக்கு வளர்ந்து, இந்தக் குடியிருப்புகளைப் பூங்காக்களாக மாற்றியிருக்கின்றன.

வேகமாகக் கட்டுவதற்குப் புதிய தொழில்நுட்பம் தேவைப்பட்டது. ஜாக்ரெப்பின் யுகொமொந்த் நிறுவனம் கட்டடத்தை ஆலையிலேயே பகுதி பகுதியாகச் செய்யும் முறையை வளர்த்தது. பொக்தான் புதிமிரொவ், ஜெல்கோ சொலார், திராகுதின் ஸ்திலினொவிச் ஆகிய கட்டடக் கலைஞர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்கள் உருவாக்கிய ‘ஜேயு-61’ முறையில் ஓர் அறையின் சுவர் முழுவதும் ஒரே கான்கிரீட் பலகையாக ஆலையில் வார்க்கப்படும். லாரியில் கொண்டுவந்து கிரேன் மூலம் தூக்கி நிறுத்திப் பொருத்துவார்கள். செங்கல் அடுக்கும் வேலையும் சாரம் கட்டும் வேலையும் பெருமளவு குறைந்தன. ஸாப்ருஜேவில் இந்த முறையில் எழுந்த கட்டடங்களின் வெளிச்சுவரை அலுமினியத் தகடுகள் மூடியிருந்தன. மழையில் கறுக்காத, பூசிப் பராமரிக்க வேண்டாத அந்த மேற்பரப்பு வெயிலில் பளபளத்தது. அக்கம்பக்கத்தார் அவற்றைத் தகர டப்பாக்கள் என்று செல்லமாக அழைத்தார்கள். அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. கூட்டுச் சமையலறையிலிருந்து வந்த குடும்பத்துக்கு அங்கே தனிச் சமையலறையும் குளியலறையும் மத்திய வெப்பமூட்டலும் கிடைத்தன.

வானுயர் கட்டடமும் விமான நிலையமும்

தென்கரையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பழைய நகர மையமும் மாறியது. நகரின் முதன்மைச் சதுக்கத்தை ஒட்டி, இலித்ஸா தெருவின் தொடக்கத்தில், 1959-ல் ஓர் உயரமான அலுவலகக் கட்டடம் கட்டி முடிக்கப்பட்டது. 16 மாடி உயரத்தில், அலுமினியமும் கண்ணாடியும் போர்த்திய அது ஜாக்ரெப்பின் முதல் வணிக வானுயர் கட்டடம். பழைய ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே அது எழுந்தபோது வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. இன்று அதன் மேல்தளத்திலிருந்து நகரைப் பார்ப்பது பயணிகளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

1962-ல் நகருக்குத் தென்கிழக்கே பிளெஸோ விமான நிலையம் பயணிகள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதுவரை லுச்கோ என்ற சிறு நிலையமே நகருக்குச் சேவை செய்தது. பிளெஸோவின் 2,500 மீட்டர் ஓடுபாதை பெரிய விமானங்களை ஏற்கக்கூடியது. பொருட்காட்சிக்கு வரும் வெளிநாட்டு வணிகர்கள் இனி நேரே ஜாக்ரெப்பில் இறங்க முடிந்தது.

வடக்கே மெத்வெத்னித்ஸா மலையின் ஸ்லியெமே உச்சிக்குப் போக 1963-ல் ரோப் கார் ஓடத் தொடங்கியது. சுமார் 4 கிலோமீட்டர் நீளம். ஆலைத் தொழிலாளியும் அலுவலக எழுத்தரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலையேறப் போய்வர வழி கிடைத்தது. அந்த ரோப் கார் 2007 வரை இயங்கியது. 2022-ல் அதன் இடத்தில் புதியது வந்தது.

இசைக்கும் கலைக்கும் இடம்

வீடும் பாலமும் கட்டினால் மட்டும் நகரம் நவீனமாகிவிடாது என்பதில் ஹோல்யெவாட்ஸ் உறுதியாக இருந்தார். சமகாலக் கலைக்கான நகரக் காட்சிக்கூடம் 1954-ல் தொடங்கப்பட்டது. இன்றைய சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் முன்னோடி அது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து இளம் கலைஞர்களை ஒருங்கிணைத்த ‘புதிய போக்குகள்’ இயக்கத்தின் முதல் கண்காட்சி 1961-ல் இந்தக் கூடத்தில்தான் நடந்தது.

அதே 1961-ல் ஜாக்ரெப் இசை பியன்னாலே தொடங்கியது. இசையமைப்பாளர் மில்கோ கெலெமென் இந்த விழாவின் யோசனையைக் கொண்டுவந்தபோது அதற்கு நகரின் ஆதரவைப் பெற்றுத் தந்தவர் ஹோல்யெவாட்ஸ். மேற்கின் புதிய சோதனை இசையும் கிழக்கின் இசைக் குழுக்களும் ஒரே மேடையில் சந்தித்த அபூர்வமான இடம் அது. சோசலிச நாடுகள் பலவற்றில் அப்படிப்பட்ட இசைக்குத் தடை இருந்த காலத்தில், ஒரு மேயர் அதற்கு மேடை போட்டுக் கொடுத்தது துணிச்சலான காரியம். இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த விழா இன்றும் தொடர்கிறது. வாத்ரொஸ்லாவ் லிசின்ஸ்கி பெயரில் நகரின் பெரிய இசையரங்கைக் கட்டும் பணியும் இந்தக் காலத்தில் தொடங்கியது. பண நெருக்கடியால் அது நீண்டு, 1973 இறுதியில்தான் திறக்கப்பட்டது.

ஆற்றின் எச்சரிக்கை

ஹோல்யெவாட்ஸ் 1963-ல் பதவியிலிருந்து விலகினார். அவருக்குப்பின் பேரோ பிர்கெர் மேயரானார். அடுத்த ஆண்டு அக்டோபர் 25 நள்ளிரவில் சாவா கரையை உடைத்துக்கொண்டு நகருக்குள் புகுந்தது. 17 பேர் இறந்தார்கள். சுமார் 40 ஆயிரம் பேர் வீடிழந்தார்கள். வடகரையின் தாழ்வான பகுதிகளான த்ர்னியேவும் த்ரெஷ்னியெவ்காவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. பலவீனமான சிறு வீடுகள் அங்கே இன்னும் ஏராளமாக இருந்ததே இழப்பு பெருகக் காரணம்.

நகரம் ஆற்றை நெருங்கியதற்கேற்ப ஆற்றைக் கட்டுப்படுத்தும் பணி வளரவில்லை என்பதை அந்த வெள்ளம் காட்டியது. அதன்பின் கரைகள் உயர்த்தப்பட்டன. நகருக்கு மேற்கே சாவாவின் உபரி நீரைத் திருப்பிவிடும் ஓத்ரா வடிகால் கால்வாய் வெட்டப்பட்டது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு அவசரமாக வீடு தேவைப்பட்டபோது, ஆலையில் பலகை வார்த்துக் கட்டும் அனுபவம் நகரிடம் ஏற்கெனவே இருந்தது.

புதிய ஜாக்ரெப்பிலும் குறைகள் இருந்தன. வீடுகள் எழுந்த வேகத்தில் கடைகளும் திரையரங்குகளும் வரவில்லை. பலர் காலையில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய், இரவில் தூங்க மட்டுமே திரும்பினார்கள். டிராம் பாதை தென்கரைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. 1974-ல் இளைஞர் பாலமும் 1981-ல் அட்ரியாட்டிக் பாலமும் திறந்த பிறகுதான் இரு கரைகளுக்கும் இடையிலான போக்குவரத்து இலகுவானது. 1970களில் எழுந்த பிரம்மாண்டக் கட்டடங்களின் அளவு, த்ர்ன்ஸ்கோவின் மிதமான அளவைத் தாண்டிப் போய்விட்டது என்ற விமர்சனமும் உண்டு.

வீழ்ச்சியும் நினைவும்

மேயர் பதவிக்குப் பின் ஹோல்யெவாட்ஸ் வெளிநாடுகளில் வாழும் குரோஷியர்களுக்கான அமைப்பின் தலைமையை ஏற்றார். பிழைப்புக்காக அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா என்று சென்ற லட்சக்கணக்கானவர்களைத் தாயகத்தோடு இணைக்கும் வேலை அது. அந்த அனுபவத்திலிருந்து ‘தாயகத்துக்கு வெளியே குரோஷியர்கள்’ என்ற விரிவான நூலை எழுதி 1967-ல் வெளியிட்டார்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் குரோஷிய இலக்கிய மொழியின் பெயரும் நிலையும் குறித்த அறிக்கை ஒன்றைப் பண்பாட்டு நிறுவனங்கள் கூட்டாக வெளியிட்டன. செர்போ-குரோஷிய மொழி என்ற பொதுப்பெயருக்குள் குரோஷிய மொழி ஒதுக்கப்படுகிறது என்பது அவற்றின் குறை. ஆட்சியாளர்கள் அதைத் தேசியவாதமாகக் கருதி நடவடிக்கை எடுத்தார்கள். அந்த அரசியல் புயலில் ஹோல்யெவாட்ஸும் சிக்கினார். குரோஷியக் கம்யூனிஸ்ட் கழகத்தின் மத்தியக் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, பொதுவாழ்விலிருந்து ஒதுக்கப்பட்டார். 1970 ஜூலை 11 அன்று, 52 வயதில், ஜாக்ரெப்பில் காலமானார். கட்சி அவரைக் கைவிட்டிருந்தாலும் நகர மக்கள் திரளாக வந்து அவரை மிரொகொய் இடுகாட்டுக்கு வழியனுப்பினார்கள்.

1991-ல் குரோஷியா சுதந்திர நாடானது. சமூகச் சொத்தாக இருந்த வீடுகள் அவற்றில் குடியிருந்தவர்களுக்கே சலுகை விலையில் விற்கப்பட்டன. த்ர்ன்ஸ்கோவிலும் ஸாப்ருஜேவிலும் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காரர்களாகின. சோசலிச காலத்துப் பெயர்கள் பல தெருக்களிலிருந்து அகற்றப்பட்டபோதும் ஹோல்யெவாட்ஸுக்குரிய இடம் குறையவில்லை. விடுதலைப் பாலத்திலிருந்து தெற்கே, புதிய ஜாக்ரெப்பின் ஊடாகப் போகும் அகன்ற நெடுஞ்சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அங்கே அவருக்குச் சிலையும் உண்டு.

ஒரு நகரத் தலைவரின் பணியை அளக்க அவர் கட்டிய கட்டடங்களை எண்ணுவது ஒரு வழி. அவருக்குப் பின் வந்தவர்கள் எந்தப் பாதையில் நடந்தார்கள் என்று பார்ப்பது அதைவிடச் சரியான வழி. ஹோல்யெவாட்ஸுக்குப் பின் வந்த ஒவ்வொரு நிர்வாகமும் அவர் திறந்த திசையிலேயே நகரை வளர்த்தது. பெரும் செலவுக்குரிய அடிப்படை வசதிகளை முதலில் கொண்டுபோய்ச் சேர்த்து, குடியிருப்பை அதன்பின் வளரவிட்ட அவருடைய முறை, பணம் குறைவான ஒரு நகரமும் பெரிய அளவில் திட்டமிட முடியும் என்பதற்குச் சான்று. அவர் பதவியேற்றபோது வயலாக இருந்த தென்கரையில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள்.